மல்லாட்டை வயலுக்கு ஆலோசகர் உண்டு... செக்குக்கு உண்டா?

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் போனால் சிங்கவரம். பாறையைக் குடைந்து செதுக்கிய ரங்கநாதரைச் சேவிக்கப் படியேறுகிறவர்கள், மேலே நின்று மூச்சு வாங்கும்போது கீழே பார்த்தால் ஒரு பக்கம் கோட்டை மலைகள், இன்னொரு பக்கம் வயல்வெளி. நெல் போக, இந்தப் பக்கத்து மண்ணுக்குப் பழகிய பயிர் வேர்க்கடலை. அதை இங்கே யாரும் வேர்க்கடலை என்று சொல்வதில்லை. மல்லாட்டை. இல்லையென்றால் மணிலா.

அந்த மல்லாட்டை விதைக்கிற விவசாயியிடம் ‘டி.எம்.வி.’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே, டி.எம்.வி. 7 ஆ வேறு ரகமா என்று எதிர்க்கேள்வி வரும். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவை. செஞ்சியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் திண்டிவனத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ரகங்களுக்கு ஊர்ப் பெயரே முன்னெழுத்தாக நின்றுவிட்டது. இலையில் புள்ளி விழுந்தால் யாரைக் கேட்பது, ஜிப்சம் எப்போது போடுவது என்றால், வட்டாரத்துக்கு ஒரு வேளாண்மை விரிவாக்க மையம், அதில் ஓர் அலுவலர்.

ஆக, வயலில் இருக்கும்வரை மல்லாட்டைக்கு அரசாங்கச் செலவில் ஓர் ஆலோசகர் இருக்கிறார். சரி, அதே மல்லாட்டை உரித்து, காய்ந்து, மூட்டையாகி, செக்குக்கு வந்த பிறகு? எந்தச் செக்கு வாங்குவது, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போடுவது, எண்ணெய் ஏன் குறைகிறது, பாட்டிலில் என்ன அச்சடிப்பது... இதையெல்லாம் கேட்க யார் இருக்கிறார்கள்?

இருக்கிறார்கள். எழுபது வருடமாக இருக்கிறார்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அவர்களிடம் கேட்கும் ஒரே கேள்வி, “மானியம் எவ்வளவு சார்?” என்பதுதான்.

வயலுக்கு வந்த ஆலோசனை, பட்டறைக்கும் வந்த கதை

விவசாயத்தில் ஆலோசனைக்கு எவ்வளவு வலு உண்டு என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல் பரவியபோது, வானொலியில் சொல்லிக் கேட்டு நட்டதால் மக்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் தொடங்கப்பட்டதும் நமக்குப் பக்கத்தில்தான், புதுச்சேரியில்.

இதே யோசனையைச் சிறுதொழிலுக்கும் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு, நாடு விடுதலை பெற்ற சில வருடங்களிலேயே வந்துவிட்டது. 1953-54-இல் இந்திய அரசின் அழைப்பில் ஃபோர்டு அறக்கட்டளையின் நிபுணர் குழு ஒன்று வந்து, சிறு பட்டறைகளைச் சுற்றிப் பார்த்தது. பணம் மட்டும் கொடுத்தால் போதாது, தொழில்நுட்பமும் நிர்வாகமும் சந்தையும் சொல்லித்தர ஆள் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளின் சாரம். 1954-இல் மத்திய அரசு சிறுதொழில்களுக்கென்று தனி அமைப்பை ஏற்படுத்தியது. அதன் கீழ் வந்தவைதான் சிறுதொழில் சேவை நிலையங்கள். நடமாடும் பட்டறை வண்டிகள் ஊர் ஊராகப் போய், கொல்லருக்கும் தச்சருக்கும் புதுக் கருவிகளை இயக்கிக் காட்டிய காலம் அது.

சென்னை கிண்டியில் இருக்கும் அந்த நிலையத்தைப் பழைய தொழிலதிபர்கள் எஸ்.ஐ.எஸ்.ஐ. என்பார்கள். பெயர் இரண்டு தடவை மாறி, இப்போது எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சி மற்றும் வசதியாக்க அலுவலகம். அதே கிண்டியில் 1958-இல் தொழிற்பேட்டை வந்தது.

ஆனால் சிங்கவரத்துக்காரர் ஒரு சந்தேகத்துக்காகக் கிண்டி போய் வர முடியுமா? முடியாது. அதனால்தான் 1977 டிசம்பர் தொழிற்கொள்கை அறிக்கையைத் தொடர்ந்து, 1978-இல் மாவட்டத் தொழில் மையங்கள் வந்தன. ஒரு பொது மேலாளர், அவருக்குக் கீழே கடன், மூலப்பொருள், சந்தை என்று துறைவாரியாக மேலாளர்கள். தொழில் தொடங்க நினைப்பவர் பத்து அலுவலகம் ஏறாமல், எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். செஞ்சி வட்டாரத்துக்கு அந்தக் கூரை விழுப்புரத்தில்.

விற்கிறவரே ஆலோசகர் ஆனால்...

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கவரத்தில் ஒரு கணவன், மனைவி. இரண்டு ஏக்கர் நிலம். மனைவி மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறார். ‘ஊரெல்லாம் மரச்செக்கு எண்ணெய் என்று தேடுகிறார்கள். நம் வயலிலேயே மல்லாட்டை விளைகிறது. நாமே ஆட்டி விற்றால் என்ன?’ என்று இருவரும் நினைக்கிறார்கள். நியாயமான ஆசை.

அவர்கள் முதலில் பேசுவது யாரிடம்? பெரும்பாலும் செக்கு விற்கும் கம்பெனிக்காரரிடம்.

“அண்ணே, ஒரு நாளைக்கு 200 கிலோ ஆட்டலாம்ணே. ஆறே மாசத்துல போட்ட காசு வந்துரும்.”

“கரண்ட் செலவு எப்படி தம்பி?”

“அதெல்லாம் ஒண்ணுமே இல்லண்ணே. புராஜெக்ட் ரிப்போர்ட்கூட நாங்களே போட்டுக் குடுத்துருவோம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்.”

அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. அவர் வேலை செக்கு விற்பது. உங்கள் ஊரில் எண்ணெய் விற்குமா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியவர், செக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் லாப நஷ்டம் இல்லாத ஒருவர். அரசு ஆலோசனை என்ற ஏற்பாட்டுக்கு அர்த்தமே அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

நல்ல ஆலோசகர் ஒருவர் அந்தத் தம்பதியோடு உட்கார்ந்தால் என்ன கேட்பார்? கீழே வரும் விலைகள் எல்லாம் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: உண்மையில் எவ்வளவு ஆட்ட முடியும்? செக்கு ஓர் ஈட்டுக்கு 16 கிலோ பருப்பு எடுக்கும், ஓர் ஈட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால்கூட 128 கிலோதான். பருப்பு கொட்ட, பிண்ணாக்கு எடுக்க, துடைக்க ஆகும் நேரத்தையும் கரண்ட் போகும் நேரத்தையும் கழித்தால் 100 கிலோ ஆட்டினாலே நல்ல நாள். 200 கிலோ என்பது இரவும் பகலும் ஓட்டினால் வரும் கணக்கு.

இரண்டாவது: எவ்வளவு எண்ணெய் வரும்? மல்லாட்டைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். ஆனால் மரச்செக்கு அத்தனையையும் பிழிந்து தந்துவிடாது. ஒரு பங்கு பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். 100 கிலோவுக்கு 40 கிலோ எண்ணெய் என்று எடுத்துக்கொள்வோம். எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால், அந்த 40 கிலோவை அளந்தால் சுமார் 44 லிட்டர் வரும். கிலோவில் வாங்கி, கிலோவில் ஆட்டி, லிட்டரில் விற்கும் தொழில் இது. இந்த இடத்தில் கணக்குக் குழம்புகிறவர்கள் பலர்.

மூன்றாவது: யார் வாங்குவார்கள்? மாதம் 25 நாள் ஆட்டினால் 1,100 லிட்டர். ஒரு குடும்பம் மாதத்துக்கு 2 லிட்டர் கடலை எண்ணெய் வாங்கும் என்று வைத்தால், 550 குடும்பங்கள் மாதா மாதம் தவறாமல் உங்களிடமே வாங்க வேண்டும். சிங்கவரத்தில் மட்டும் நடக்குமா? செஞ்சி கடைத்தெருவில் ஏற்கெனவே எத்தனை செக்கு ஓடுகிறது? திண்டிவனம், விழுப்புரம், சென்னை என்று அனுப்பினால் வண்டிச் செலவு என்ன?

நான்காவது, எல்லோரும் மறக்கும் கேள்வி: மூலப்பொருள் வாங்கப் பணம் எங்கே? மாதத்துக்கு 2,500 கிலோ பருப்பு வேண்டும். கிலோ 100 ரூபாய் என்றால் இரண்டரை லட்சம். அறுவடை நேரத்தில் விலை குறைவாக இருக்கும்போது இரண்டு மாதத்துக்கு வாங்கி வைத்தால் ஐந்து லட்சம். சொந்த வயல் விளைச்சல் சில வாரங்களுக்கே வரும். செக்குக்குக் கடன் வாங்கியாயிற்று, பருப்பு வாங்கக் காசு இல்லை என்ற நிலை வரும்போதுதான் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது. தொழில் படுத்துப்போன பல வீடுகளில் இயந்திரம் பழுதாகி இருக்காது. ஓட்டுவதற்குச் சரக்கு இருந்திருக்காது.

ஐந்தாவது: மோட்டார் எவ்வளவு? தமிழ்நாட்டில் 12 கிலோவாட் வரை உள்ள குடிசை, குறுந்தொழில்களுக்கு ஒரு மின்கட்டண வகை, அதைத் தாண்டினால் வேறு வகை. இரண்டாவது செக்கும், கல் நீக்கும் இயந்திரமும் பின்னால் வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தக் கோட்டை எப்போது தாண்டுவோம் என்று முதலிலேயே பார்த்து வைக்க வேண்டும்.

ஐந்து கேள்விக்கும் பதில் எழுதிய பிறகு, ‘ஒரு செக்கு போதும், முதல் வருடம் ஆட்டுக்கூலிக்கு ஆட்டுவோம், வாடிக்கை பிடித்த பிறகு சொந்தமாக வாங்கி விற்போம்’ என்று அந்தத் தம்பதி முடிவெடுக்கலாம். ‘இப்போது வேண்டாம்’ என்றும் முடிவெடுக்கலாம். இரண்டுமே வீட்டைக் காப்பாற்றும் முடிவுகள்தாம்.

எண்ணெய் குறைந்தால் நஷ்டம், பூஞ்சை வந்தால் ஆபத்து

ஏற்கெனவே செக்கு ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஆலோசனை தேவை. பருப்பின் ஈரம் சரியில்லாததால் 100 கிலோவுக்கு 2 கிலோ எண்ணெய் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 600 கிலோ. கிலோ 200 ரூபாய் என்றால் 1,20,000 ரூபாய். கண்ணுக்குத் தெரியாமல் பிண்ணாக்கோடு போகும் பணம் இது. ஒரு ஈரமானியும், பிண்ணாக்கில் மீந்திருக்கும் எண்ணெய் எவ்வளவு என்ற ஒரு பரிசோதனையும் இதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பணத்தைவிடப் பெரிய விஷயமும் ஒன்று உண்டு. சரியாகக் காயாத மல்லாட்டையில் ஒருவகைப் பூஞ்சை வளரும். அது உண்டாக்கும் நச்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். நச்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். சுத்திகரிக்காத எண்ணெயிலும் ஓரளவு வரக்கூடும். அந்தப் பிண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலில் அது வேறு வடிவத்தில் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது பெரும்பாலும் நம் வீட்டுக் குழந்தைகள்.

பருப்பின் ஈரத்தை ஏழெட்டு சதவிகிதத்துக்குள் கொண்டுவந்து, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறிந்து, மூட்டையைத் தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கினால் ஆபத்து பெருமளவு குறையும். பெரிய செலவில்லாத யோசனைதான். யாராவது சொன்னால்தானே தெரியும்?

மானியம் எப்போது நம்முடையது ஆகும்?

மானியத்துக்கு வருவோம். சிறு உணவுத் தொழில்களுக்கென்று மத்திய அரசு 2020-இல் பிரதம மந்திரி உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களை முறைப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சுருக்கமாக பி.எம்.எஃப்.எம்.இ. முதலில் ஐந்து வருடத்துக்கு அறிவித்து, பிறகு 2025-26 வரை நீட்டித்தார்கள். திட்டச் செலவில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். குறைந்தது 10 சதவிகிதம் நம் கையிலிருந்து போட வேண்டும். உணவுத் தொழில் செய்யும் சுயஉதவிக் குழு உறுப்பினருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதிக்கும் இதில் இடம் வைத்தார்கள்.

ஆறு லட்ச ரூபாய்த் திட்டம் என்றால் மானியம் 2,10,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது கையில் தரும் பணம் இல்லை. கடன் கொடுத்த வங்கியிலேயே, அந்தக் கடனோடு இணைந்த கணக்கில் மூன்று வருடம் இருக்கும். தவணை தவறாமல் கட்டி, தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழித்துக்கொள்வார்கள். இரண்டாம் வருடமே ஷட்டரை இழுத்து மூடிவிட்டால் அந்த மானியம் நம்முடையது ஆகாது. மீதிக் கடன் மட்டும் நம்முடையதாக இருக்கும்.

அதாவது, மானியம் கிடைப்பதேகூட தொழில் சரியாக நடப்பதைப் பொறுத்தது. தொழில் சரியாக நடப்பது, தொடங்குவதற்கு முன் கேட்ட கேள்விகளைப் பொறுத்தது.

யாரிடம் எதைக் கேட்கலாம்?

*மாவட்டத் தொழில் மையம், விழுப்புரம்:* எந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தும், என்னென்ன உரிமம் வேண்டும், மாவட்டத்தில் இதே தொழில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதையெல்லாம் இங்கே கேட்கலாம். மாநில அரசின் ‘நீட்ஸ்’, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 35 சதவிகித மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலியவற்றுக்கும் வாசல் இதுதான்.

*தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனம், சென்னை:* தமிழ்நாடு அரசுடையது. கணக்கு வைப்பது, ஏற்றுமதி, பொட்டலமிடுதல், இணையவழி விற்பனை என்று சில நாள் பயிற்சிகள் நடத்துகிறது.

*கிண்டி எம்.எஸ்.எம்.இ. அலுவலகம்:* மத்திய அரசுத் திட்டங்கள், தொழில்நுட்ப ஆலோசனை. வெல்டிங் பட்டறை, அரிசி ஆலை, பேவர் பிளாக் என்று ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர்கள் ‘லீன்’ திட்டம் பற்றிக் கேளுங்கள். பட்டறையில் வீணாகும் நேரம், பொருள், நடை ஆகியவற்றைக் குறைக்க நிபுணர் நேரில் வந்து வழிகாட்டும் திட்டம் இது. 2023-இல் புதுப்பித்தபோது, நிபுணருக்கு ஆகும் செலவில் 90 சதவிகிதத்தை அரசே ஏற்கும் என்றார்கள்.

*நிஃப்டெம், தஞ்சாவூர்:* 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது, இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. பரிசோதனைக்கூடம் இருக்கிறது. இயந்திரம் வாங்கும் முன், அங்கே உள்ள இயந்திரங்களில் உங்கள் பொருளைச் செய்து பார்க்கும் வசதிக்காகவே ஒரு தொழில் வளர் மையமும் இருக்கிறது.

*திண்டிவனம்:* எந்த ரகத்தில் எண்ணெய் அதிகம், எப்படிக் காயவைப்பது என்ற கேள்விகளுக்கு எண்ணெய்வித்து நிலையத்தைவிடப் பக்கத்தில் வேறு இடம் இல்லை.

இன்னொன்று. ‘உத்யம்’ பதிவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணமே கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே போனில் பதியலாம். ‘பதிவுக் கட்டணம்’ என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல.

குறையும் சொல்ல வேண்டும் அல்லவா?

இத்தனை இருந்தும் மக்கள் ஏன் போவதில்லை? காரணம் மக்களிடம் மட்டும் இல்லை.

முதல் காரணம் தூரம். செஞ்சியிலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போய், அலுவலர் ஆய்வுக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு திரும்பினால் ஒரு நாள் வேலை போச்சு. வேளாண்மைக்கு வட்டாரம்தோறும் அலுவலகம் உண்டு. தொழிலுக்கு மாவட்டத்துக்கு ஒன்று.

இரண்டாவது, ஆலோசனை தரவேண்டிய இடம் விண்ணப்பம் வாங்கும் இடமாக ஆகிவிட்டது. வருடத்துக்கு இத்தனை பேருக்குக் கடன் என்ற இலக்கு அலுவலகத்தின் தலைமேல் இருக்கும்போது, ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ‘உங்கள் ஊரில் இது ஓடுமா’ என்று பேச எங்கே நேரம்?

மூன்றாவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் விண்ணப்பதாரருக்குக் கைகொடுக்க ‘மாவட்ட வள நபர்’ என்று ஒருவரை நியமித்தார்கள். திட்ட அறிக்கை தயாரிப்பது, வங்கியில் பேசுவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கித் தருவது வரை அவர் கூட வருவார். நம்மிடம் காசு வாங்கக் கூடாது. நல்ல ஏற்பாடு. புரோக்கரிடம் ஏமாறாமல் பலரைக் காப்பாற்றவும் செய்யும். ஆனால் அவருக்கான ஊதியம் எப்போது வருகிறது? திட்ட விதிப்படி ஒரு கடனுக்கு 20,000 ரூபாய். பாதி, வங்கி கடனை அனுமதித்த பிறகு. மீதி, பதிவுகளும் பயிற்சியும் முடிந்து தொழில் தொடங்கிய பிறகு. ‘இந்தச் செக்கு இப்போது உங்களுக்கு வேண்டாம்’ என்று ஒருவர் மனசாட்சியோடு சொன்னால் அவருக்கு ஒன்றும் கிடையாது.

வேளாண்மை அலுவலர், நீங்கள் உரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே சம்பளம் வாங்குகிறார். ‘இந்த வருடம் அந்த உரம் தேவையில்லை’ என்று அவரால் தைரியமாகச் சொல்ல முடிவது அதனால்தான். சிறுதொழிலுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். கடன் கொடுப்பதற்கு முன் தரும் ஆலோசனைக்கும், தொழில் தொடங்கி ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து பார்ப்பதற்கும் தனியாக ஊதியம் வைத்தால், படுத்துப்போகும் செக்குகளின் எண்ணிக்கை நிச்சயம் குறையும்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 1914-லேயே சட்டம் போட்டு, பல்கலைக்கழகங்கள் வழியாக விவசாயிகளுக்கு ஆலோசகர்களை அனுப்பினார்கள். அதே மாதிரியைப் பார்த்து 1988-இல் சிறு தொழிற்சாலைகளுக்கும் மையங்களை ஏற்படுத்த இன்னொரு சட்டம் வந்தது. இன்று ஐம்பது மாநிலங்களிலும் அந்த மையங்கள் இருக்கின்றன. செலவை அரசாங்கமும் மாநிலமும் தொழிற்சாலைகளும் பகிர்ந்துகொள்கின்றன. காசு கொடுத்துக் கேட்பவர் கேள்வியைத் தயார் செய்துகொண்டு வருவார் என்பதில் ஒரு வசதி உண்டு. ஜப்பானில் ஒவ்வொரு மாகாணத்திலும் பொதுப் பரிசோதனை நிலையங்கள். சிறு பட்டறைக்காரர் தான் செய்த பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ‘இது ஏன் உடைகிறது?’ என்று கேட்கலாம்.

அவ்வளவு தூரம் ஏன்? கோயம்புத்தூரைப் பார்க்கலாம். அங்கே 1956-லேயே பஞ்சாலைகளும் அரசும் சேர்ந்து ‘சிட்ரா’ எனும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தின. ஒரே நூலை நூற்க மற்ற ஆலைகளில் எவ்வளவு ஆள், எவ்வளவு மின்சாரம், நம் ஆலையில் எவ்வளவு என்று ஒப்பிட்டுக் காட்டும் ஆய்வுகள் அதன் முக்கியமான வேலை. விசைத்தறிக்காரர்களுக்கென்று சேவை மையங்களும் நடத்துகிறது. பம்பு செய்கிறவர்கள் தங்கள் பம்பைச் சோதித்துப் பார்க்க ‘சிட்டார்க்’ இருக்கிறது. கோவையின் தொழில் வளர்ச்சிக்கு முதலாளிகளின் உழைப்பு ஒரு காரணம் என்றால், கேட்பதற்கு ஓர் இடம் பக்கத்திலேயே இருந்தது இன்னொரு காரணம்.

செஞ்சிக்கு அது ஏன் வேண்டும் என்று கேட்கலாம். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர்களின் இராணுவ அரண்கள் என்ற வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. இனி வெளியூர்க்காரர்கள் கூடுதலாக வருவார்கள். கோட்டை பார்த்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிப் போக இந்த ஊர் மல்லாட்டை எண்ணெய், கடலை உருண்டை, பச்சரிசி மாவு என்று நல்ல பொருட்கள் இருந்தால், வருகிற காசில் ஒரு பங்காவது சுற்றுக் கிராமங்களுக்குப் போகும். ஆனால் வெளியூர்க்காரர் பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பார். எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி, உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் சட்டப்படி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

போவதற்கு முன்...

நீங்களோ உங்கள் வீட்டில் யாராவதோ சிறுதொழில் தொடங்கும் யோசனையில் இருந்தால், இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

1. இயந்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எத்தனை ‘ஆஃபர்’ சொன்னாலும் சரி, முதலில் ஆலோசனை.

2. அதே இயந்திரத்தைக் குறைந்தது இரண்டு வருடமாக ஓட்டும் ஒருவரை, வேறு ஊரில் தேடிப் பிடித்துப் பேசுங்கள். பக்கத்து ஊர்க்காரர் போட்டி என்று நினைத்து மழுப்பலாம்.

3. ஒரு நோட்டில் ஐந்து பதில் எழுதுங்கள்: ஒரு நாள் உற்பத்தி, வாங்குபவர்கள் யார், இரண்டு மாத மூலப்பொருளுக்கு எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, விற்பனை பாதியானால் தவணையை எதிலிருந்து கட்டுவது.

4. அந்த நோட்டோடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். போகும் முன் போன் செய்து, அலுவலர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். “மானியம் எவ்வளவு?” என்பதைக் கடைசிக் கேள்வியாக வையுங்கள். “இந்தத் தொழிலில் இந்த மாவட்டத்தில் மூடிப்போனவர்கள் ஏன் மூடினார்கள்?” என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.

5. யாரோ தயாரித்துத் தரும் திட்ட அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வங்கிக்குத் தருகிற அந்த அறிக்கையில் இருக்கும் விற்பனை எண்ணை நாளைக்கு நீங்கள்தான் செய்து காட்ட வேண்டும்.

6. போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். கடன் ஒருவர் பெயரில் இருந்தாலும், அடகு வைக்கும் நகை பெரும்பாலும் மற்றவருடையது.

ஏற்கெனவே செக்கு ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இவ்வளவு வேலைகூட இல்லை. இன்று ஆட்டிய பிண்ணாக்கில் அரைக் கிலோவை ஈரம் படாத பையில் போட்டு, தேதி எழுதி, உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பி, அதில் எத்தனை சதவிகிதம் எண்ணெய் மிச்சம் இருக்கிறது, அஃப்ளடாக்சின் இருக்கிறதா என்று கேளுங்கள். பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வரும் தாளில் இருக்கும் இரண்டு எண்களில் ஒன்று உங்கள் லாபத்தைப் பற்றியது. இன்னொன்று உங்கள் எண்ணெயில் சமைக்கும் வீடுகளைப் பற்றியது.